ஞானதுரை கேட்ட லென்ஸ்

எதை எழுதினாலும் முதலில் குறிப்பு எடுத்துக்கொள்வது என் பழக்கம். நம் ஞாயிற்றுக்கிழமைப் புகைப்பட வட்டத்து நண்பர்கள் ஞானதுரையைப் பற்றி எழுதச் சொன்னபோதும் அப்படித்தான் செய்தேன். குறிப்புகள் இவை:

1. செய்தி வந்த விதம்.
2. அவர் படம் எடுத்த விதம்.
3. இரண்டு லென்ஸ்களைப் பற்றி எங்களுக்குள் நடந்த வாக்குவாதம்.
4. நோய் வந்த பிறகும் தன் முகத்தை யாரிடமும் மறைக்க விரும்பாதவர் அவர் என்பது.

என்னைவிடத் தகுதியானவர்கள் வட்டத்தில் இருக்கிறார்கள். அவரைக் கடைசியாகப் படம் எடுத்தவன் நான் என்பதால் இந்த வேலை என்னிடம் வந்தது.

செய்தி ஒரு படமாக வந்தது. காலையில் எழுந்து கைபேசியைப் பார்த்தேன். வட்டத்தின் வாட்ஸப் குழுவில் கறுப்புக் கட்டத்துக்குள் ஞானதுரை சிரித்துக்கொண்டிருந்தார். மகள் கல்யாணத்தில் எடுத்த பழைய படம். இரண்டு கன்னங்களும் நிறைந்திருந்தன. கீழே, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று ஒரு வரி. அதற்கும் கீழே கைகூப்பும் பொம்மைகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. 'இது நான் எடுத்த படம் இல்லையே' என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. துக்கம் அதன் பிறகே வந்தது. அன்று முழுக்க என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் அவருடைய ஸ்டுடியோ இருந்தது. போர்ட்ரெய்ட் லென்ஸ் என்றால் ஆளைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். அந்த அறையில் தள்ளி நிற்க இடமில்லை. அதனால் ஆளை உள்ளே உட்காரவைத்துவிட்டு, இவர் சந்தில் நின்று கதவு வழியாக எடுப்பார். குறுக்கே சைக்கிள் வரும், தோல் மூட்டை வரும். "ருக்கோ பாய், ஏக் மினிட்" என்பார், திரும்பாமலே. மூட்டைக்காரர்கள் நிற்பார்கள். நின்று, உள்ளே யார் என்று எட்டிப் பார்ப்பார்கள். "இத்தன பேரு பாக்கும்போது எவனும் பொய்யாச் சிரிக்க முடியாதுவே" என்று எனக்கு விளக்கம் சொல்வார்.

ஒருமுறை நான் அங்கே இருந்தபோது, வரன் பார்ப்பதற்குப் படம் வேண்டும் என்று ஒரு தையல்காரரின் மகள் தாயோடு வந்தாள். பெண்ணின் வாயோரம் வெண்புள்ளி படர்ந்திருந்தது. கம்ப்யூட்டரில் அதை அழித்துத் தரும்படி தாய் கேட்டாள்.

"அழிச்சுத் தந்தா, மாப்பிள வீட்டுக்காரன் நாளைக்கு ஒங்க வீட்டுக்கு வரமாட்டான். நேரா என் கடைக்கு வருவான், கம்போட" என்றார் ஞானதுரை. அந்தப் பெண் அப்போதுதான் சிரித்தாள். அவளைச் சற்றுத் திரும்பி உட்காரச் சொல்லி, லென்ஸின் துளையை முழுக்கத் திறந்து எடுத்தார். படத்தில் கண்கள் பளிச்சென்று இருந்தன.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். துளையைத் திறக்கத் திறக்க, நாம் குறிவைத்தது மட்டும் தெளிவாக விழும். அதற்கு முன்னும் பின்னும் இருப்பவை கரைந்துவிடும். சுருக்கினால் எல்லாமே தெளிவாக விழும். நான் எப்போதும் நன்றாகச் சுருக்கித்தான் எடுப்பேன். எதுவும் தவறிவிடக் கூடாதே என்ற பயம். "ஒம்ம படத்துல மூக்கு முடியக்கூட எண்ணிப்போடலாம்வே" என்று வட்டத்தில் எல்லார் முன்னாலும் கேலி செய்வார்.

அன்று அவர் படம் எடுத்த விதத்தைவிட, தாய்க்குச் சொன்ன மறுப்புதான் என் மனதில் நின்றது. உள்ளதை அழிக்காத மனிதர் என்று முடிவு செய்துகொண்டேன்.

மாவா போடும் பழக்கம் அவருக்கு இளமையிலிருந்தே உண்டு. புகையிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த கலவை. இங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கும். தாடையில் புற்று வந்தது. இடப்பக்கத் தாடையெலும்பை எடுத்துவிட்டு, மார்பிலிருந்து சதையை எடுத்து மூடித் தைத்தார்கள். ஸ்டுடியோவை விட்டார். லேபர் கேம்ப் என்ற குடியிருப்புப் பகுதியில் இருந்த வீட்டிலிருந்து வெளியே வருவது அபூர்வமாயிற்று. வந்தாலும் முகக்கவசம் போட்டிருப்பார். எச்சில் வழிவதால் போடுகிறார் என்று நினைத்தேன். பேச்சு குழறியது. மனைவி ஜெயராணிக்கு மட்டும் புரியும். நம்மில் பலர் ஒருமுறை போய்ப் பார்த்தோம், மறுமுறை போகவில்லை.

பிறகு ஒருநாள் ஜெயராணி போன் செய்தார். "ஒரு போட்டோ எடுக்கணுமாம் அண்ணாச்சி. ஒங்களத்தான் வரச் சொல்லுதாவ." எந்த லென்ஸ் வேண்டும் என்பதையும் சொன்னார். அது விலை உயர்ந்தது, வாடகைக்குத்தான் எடுக்க முடியும். அதே அளவில் விலை குறைந்தது என்னிடமே இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். உயர்ந்ததில் துளை இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திறக்கும். கண்ணாடி ஒரு சாயல் கூர்மை. காட்கோபர் வாடகைக் கடைக்காரரே, "சஸ்தாவாலா போதும் அங்கிள், ஃபரக் யாருக்குத் தெரியப்போகுது" என்று விலை குறைந்ததையே சொன்னார்.

நேரில் போய் ஞானதுரையிடம் இதையெல்லாம் விவரமாகச் சொன்னேன். வித்தியாசம் கொஞ்சம்தான், அதற்காக அந்த வாடகை வீண் என்றேன். அவர் ஏதோ சொன்னார். ஜெயராணி கீழே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே எடுத்துச் சொன்னார். "அந்தக் கொஞ்சத்துக்குத்தான் கேக்கேன்ங்காவ."

"ஆஸ்பத்திரிச் செலவு இருக்கும்போது..." என்று இழுத்தேன்.

அவர் மறுபடி ஏதோ சொல்ல, ஜெயராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒம்ம வீட்டுச் சொத்தா போவுதுன்னு கேக்காவ."

வாடகைக்கு எடுத்தேன். கூர்மையான லென்ஸில் ஒரு தையல்கூட விடாமல் விழட்டும் என்று விரும்புகிறார் என நானாக விளங்கிக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட துணிச்சல் என்று வழியெல்லாம் வியந்தேன்.

ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு, இடப்பக்கம் பின்னால் போகும்படி திரும்பி உட்கார்ந்து, முகக்கவசத்தை எடுத்தார். பார்க்கக் கஷ்டமாக இருந்தது. வெளிச்சம் குறைவு. துளையை முழுக்கத் திறந்து, சோதனைக்கு ஒன்று எடுத்தேன். அவர் கையை நீட்டினார். கேமராவின் பின்திரையைக் காட்டினேன். கண்கள் மட்டும் தெளிவாக இருந்தன. தாடைப் பக்கம் நிழலோடு நிழலாகக் கரைந்திருந்தது.

"போதும்" என்றார். அந்தச் சொல் எனக்கே புரிந்தது. களைத்துவிட்டார் போலும் என்று எடுத்துக்கொண்டேன்.

"இது சும்மா சோதனைக்கு. இன்னும் ஒரு நிமிஷம் உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, துளையைச் சுருக்கி, நிதானமாக எடுத்தேன். அதையும் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்த்தது பெட்டியில்தான்.

அடக்கத்தன்று அவர் முகத்தின் கீழ்ப்பாதியை வெள்ளைத் துணியால் சுற்றியிருந்தார்கள். தலைமாட்டில் அந்தக் கல்யாணப் படம். அவர் விருப்பத்துக்கு மாறாகக் குடும்பத்தார் நடந்துவிட்டார்கள் என்று எனக்குக் கோபம். நேரில் சொல்லும் தைரியம் இல்லை. இங்கே சொல்லிவிடலாம் என்றுதான் நான்காவது குறிப்பைச் சேர்த்தேன்.

எழுதியதைக் கொடுப்பதற்கு முன் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று சென்ற வாரம் லேபர் கேம்ப் போனேன். துணி கட்டச் சொன்னது யார் என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவியதான். முன்னாடியே சொல்லி வச்சிருந்தாவ" என்றார் ஜெயராணி.

"அப்ப நான் எடுத்த போட்டோ?"

"கண்ணு மட்டும் தெரிஞ்சாப் போதும், பேரப்பிள்ளைய பயந்துரக் கூடாதுன்னுதான அந்த லென்ஸக் கேட்டாவ. மொதல்ல ஒண்ணு எடுத்தியள்லா அண்ணாச்சி, அதப் பாத்து அவியளுக்கு அவ்வளவு சந்தோசம். அது இருக்கா ஒங்ககிட்ட?"

சோதனைப் படங்களை உடனே அழித்துவிடுவது என் வழக்கம். படம் எடுத்த அன்று செம்பூரில் என் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே அழித்திருந்தேன். அதைச் சொன்னேன்.

அவர் சேலைத் தலைப்பால் மேசையைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"கேமரா அடுத்தவன் கையில இருக்கும்போது யோசன சொல்லக் கூடாதும்பாவ. ஒங்களுக்குத் தெரியாதா. சாயா ஆறுது, குடிங்க."

என்னிடம் இருப்பது அந்த இரண்டாவது படம் மட்டும். அதில் தையல்களை எண்ணலாம். குடும்பத்தார் அதைக் கேட்கவில்லை. வட்டத்தின் சுவரில் மாட்ட நீங்கள் கேட்டாலும் தரமாட்டேன். யாரும் பார்க்க வேண்டாம் என்று அவர் நினைத்த முகம் அது. அவர் நினைவாக என்னிடம் மிஞ்சியதும் அதுதான், வைத்துக்கொள்கிறேன்.

மேலே உள்ள நான்காவது குறிப்பு தவறு. தன் முகத்தை மறைக்க அவர் விரும்பினார். அதற்கு வேண்டிய லென்ஸைப் பெயர் சொல்லி என்னிடம் கேட்டும் இருந்தார்.