சுங்குடிச் சிவப்பின் நான்கு மேடுகள்

2019 நவம்பர் 12, செவ்வாய், காலை பத்து நாற்பது; அடையாறில் தூறல். என் சட்டைப் பையில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பி, அதற்குள் அரை சென்டிமீட்டர் சிவப்பு நூல். பேருந்தை விட்டு இறங்கி ஆய்வுக்கூடப் படி ஏறுவதற்குள், குப்பி இருக்கிறதா என்று ஒன்பது முறை தொட்டுப் பார்த்துவிட்டேன்.

நூல் என் மனைவியின் சுங்குடிப் புடவையிலிருந்து எடுத்தது. மதுரையில் அவள் அம்மா கொடுத்த புடவை. அசல் சாயவேர்ச் சிவப்பு என்று சொல்லிக் கொடுத்தது. பழந்துணிகளின் சாயத்தைப் பரிசோதிப்பதே அப்போது என் உத்தியோகம். நம்பாமல், பதினோரு வருடத்துக்கு முன் முந்தானை ஓரத்தில் ஆறு இழை உருவி, அன்றைய வழக்கப்படி கடும் அமிலத்தில் கொதிக்கவைத்தேன். சாயங்களைப் பிரித்துக் காட்டும் இயந்திரம் தாளில் ஒரே ஒரு மேடு வரைந்தது. ஆலையில் செய்த சாயத்துக்கும் அதே மேடுதான்.

"உங்க அம்மாவை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க" என்றேன், சாப்பிடும்போது.

"எங்கம்மா ஒரே ஒரு தடவைதாங்க ஏமாந்தாங்க. மாப்பிள்ளை பாக்கறப்போ" என்று ரசத்தை ஊற்றினாள்.

நான் சிரித்தேன். அதன்பின் அவள் அந்தப் புடவையைக் கட்டவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு கட்டுரை படித்தபோதுதான் உறைத்தது. வேர்ச்சாயத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கும். செடியைக் காட்டிக்கொடுப்பது அதுதான். கடும் அமிலம் அதை உடைத்துவிடும். சாட்சியை அழித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்திருந்த மேடம் நூலை நீர்த்த ஃபார்மிக் அமிலத்தில் இட்டு, மிதமான சூட்டில் வைத்தார்.

"இத்துனூண்டு போதுமாம்மா?"

"தாராளம் சார். நீங்கதான் துணியையே பாதி உருவிடுவீங்களாமே!"

இந்த முறை இயந்திரம் வரைந்தது நான்கு மேடுகள், சர்க்கரை ஒட்டியவையும் சேர்த்து. மூன்று முறை எண்ணினேன். வேர்தான்.

மயிலாப்பூர் வந்து தாளை அவள்முன் விரித்தேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு ஒவ்வொரு மேடாக விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா இருக்கறப்பவே இதைப் பண்ணியிருக்கலாம்" என்றாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அந்தப் புடவையைத்தான் கட்டினாள், நான் இழை உருவிய இடம் வெளியே தெரியும்படி.

அவள் போய் இரண்டு வருடமாகிறது. குப்பி என் மேசைமேல் இருக்கிறது. சாயமெல்லாம் விட்டுக்கொடுத்த நூல் உள்ளே வெளுத்து, அறுபடாமல் கிடக்கிறது. மொத்தக் கணக்கு இதுதான்: ஆறு இழை, மேலும் அரை சென்டிமீட்டர், பதினோரு வருடம், அதற்குள் அவள் வேறு புடவையில் போய்வந்த இருபத்து மூன்று கல்யாணம்.