பிரட்டுக் களத்தில் நான் கேட்க வைத்த மன்னிப்பு

1. நான் செய்தது

ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தவனிடம் அந்தப் பெண்ணையே மன்னிப்புக் கேட்க வைத்தேன். தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க, விடியற்காலைப் பிரட்டில் வைத்து அதைச் செய்தேன். அவர் கையில் இருந்த தடத்தை அதற்கு முந்தைய நாளே என் கண்ணால் பார்த்திருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று எனக்காக யாரும் பரிந்து பேச வேண்டாம்.

மலேசியாவில், ரெம்பாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நான் பெரிய கிராணியாக, அதாவது ஆபீஸின் தலைமைக் கணக்கராக இருந்தேன். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி வேலைக்கு வந்தவர். அப்பாவும் கிராணி. இப்போது ஆபீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பிரட்டு என்றால் தெரியாது. வெளிச்சம் வருவதற்கு முன்பு ஆட்கள் களத்தில் வரிசையாக நிற்பார்கள். பெயர் கூப்பிட்டு, யார் எந்த மரவரிசைக்கு, அதாவது நிரைக்கு, என்ன வேலைக்கு என்று பிரித்து அனுப்புவோம். சண்டை சச்சரவு இருந்தால் அதுவும் அங்கேயே முடியும். ஒருவர் மன்னிப்புக் கேட்பார், மற்றவர் தலையாட்டுவார், லாரி கிளம்பிவிடும். போலீஸ் வரை எதுவும் போகாத தோட்டம் என்று எங்களுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையைக் காப்பதுதான் என் வேலை என்று நம்பியிருந்தேன்.

2. ஆயாக் கொட்டகைச் சத்தம்

வேலைக்குப் போகும் தாய்மார்கள் முன்பு கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகை, தோட்டத்தில் பிள்ளைகள் குறைந்த பிறகு காலியாகக் கிடந்தது. பக்கத்து ஊரான தம்பினில் தையல் கடை வைத்திருந்த மேரி என்பவர் சனிக்கிழமை மாலைகளில் மோட்டார் சைக்கிளில் வந்து, அங்கே பெண்களுக்குக் கராத்தே சொல்லிக் கொடுத்தார். சாவியைக் கொடுத்தது நான்தான். சில வாரங்களில் ஓய்ந்துவிடும் என்று நினைத்தே கொடுத்தேன்.

ஓயவில்லை. களைக்கு மருந்தடிக்கும் கேங்கின் பெண்கள்தான் முதலில் சேர்ந்தார்கள். முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து பகலெல்லாம் நிரை நிரையாக நடந்தவர்கள், மாலையில் குத்தும் உதையும் பழகினார்கள். குத்தும்போது வயிற்றிலிருந்து கத்த வேண்டும். ஆரம்பத்தில் கத்துவதற்குப் பதிலாகச் சிரித்தார்கள். போகப் போகச் சத்தம் என் குவார்ட்டர்ஸ் வரைக்கும் கேட்டது.

"என்னாலா, கொட்டகைக்குள்ள பாம்பு பூந்துருச்சா?" என்று வெளியே நின்று ஆண்கள் கேலி செய்வார்கள்.

"பாம்பு இல்ல மாமா, ஒங்க பொண்டாட்டிதான்! உள்ள வந்து பாருங்க, தைரியம் இருந்தா!" என்று பதில் வரும்.

சரசு என்பவர் அந்தக் கேங்கில் இருந்தார். கணவர் இறந்துவிட்டார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். முன்பெல்லாம் ஆபீஸ் கவுண்டருக்கு வந்தால் தலைத்துண்டின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசுவார். பாதி காதில் விழாது. கராத்தேயில் சேர்ந்த பிறகு நேராக நின்றார். "கிராணி ஐயா, கையுறை கிழிஞ்சிருச்சு. மருந்து உள்ள எறங்குது. புதுசு வேணும்," என்று முகத்தைப் பார்த்துக் கேட்டார். கேட்டது நியாயம், கொடுத்தேன். ஆனால் அவர் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. எது பிடிக்கவில்லை என்று அன்று என்னை நானே கேட்டிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

3. மட்டைக் குவியல்

அந்தக் கேங்கை வேலை வாங்கும் மண்டோர் கதிரேசன். ஒருநாள் பம்பில் தண்ணீர் நிரப்ப ஒதுங்கிய சரசுவின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். சரசு பழகியதைச் செய்தார். மணிக்கட்டை அவனுடைய கட்டைவிரல் பக்கம் திருப்பி வெடுக்கென்று உருவிக்கொண்டார். அடிக்கவில்லை, உதைக்கவில்லை. இழுத்த வேகத்தில் கதிரேசனே பின்னால் சாய்ந்து, வெட்டிப் போட்ட செம்பனை மட்டைக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டான். செம்பனை மட்டையின் முள்ளைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை.

பழம் வெட்டுகிறவர்கள் பார்த்துவிட்டார்கள். மதியத்துக்குள் தோட்டம் முழுக்கச் சிரித்தது. "மண்டோருக்கு நாற்காலி போடுங்கலா, பாவம் உக்கார முடியல!"

பிடித்து இழுத்ததை விட்டுவிட்டு, சிரித்ததற்கு நியாயம் கேட்டுக் கதிரேசன் என்னிடம் வந்தான். "சும்மா கை பட்டுருச்சி ஐயா. நாளைக்கு என் பேச்ச எவன் கேப்பான்? அவ பிரட்டுல மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா நான் மேனேஜர்கிட்ட போறேன்."

சரசுவைக் கூப்பிட்டேன். மருந்தடிக்கிறவர்கள் போடும் முழுக்கைச் சட்டையோடு வந்தார். சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு, கையைக் கவுண்டரின் மேல் வைத்தார். நான்கு விரல்களின் தடம் சிவந்து கன்றியிருந்தது. பார்த்தேன். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிரு, சரசு. காரியம் முடிஞ்சிரும்."

"நான் என்னாங்க தப்பு பண்ணேன்?"

"தப்புன்னு யார் சொன்னது? வேலை போனா வீடும் போகும்னு ஒனக்குத் தெரியும். புள்ளைங்க ஸ்கூலு இங்கதானே?"

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். அவருடைய வேலையைக் காப்பாற்றிவிட்டதாக அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பிரட்டில் பெயர் கூப்பிட்டு முடித்ததும் அவரை முன்னால் வரச் சொன்னேன். அவர் தரையைப் பார்க்கவில்லை. கராத்தேயில் கத்தும் அதே குரலில், கடைசி வரிசை வரை கேட்கும்படி சொன்னார்:

"நீங்க புடிச்ச கைய நான் உருவிக்கிட்டேன். அதுக்கு மன்னிச்சிக்குங்க மண்டோர்."

கதிரேசன் திருப்தியாகத் தலையாட்டினான். என்ன சொன்னார் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. அங்கேயே பிரட்டை நிறுத்தி, "யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்?" என்று நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நான் நிரைகளைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

அந்தச் சனிக்கிழமை கொட்டகையைப் பூட்டினேன். மேரி வந்து நின்றார்.

"எத்தன நாளைக்குப் பூட்டுவீங்க, கிராணி?"

"தோட்டத்துல பிரச்சனை வேணாம்மா."

"பிரச்சனை பண்ணவன உள்ள வச்சுக்கிட்டு, பொம்பளைங்கள வெளிய வச்சுப் பூட்டுறீங்களே," என்று சொல்லிவிட்டு மோட்டாரைத் திருப்பினார்.

மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். சரசு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துத் தம்பினுக்குப் போய் மேரியின் கடை வாசலில் பழகியதாகக் கேள்விப்பட்டேன். ஆண்டு முடிந்து பள்ளி விடுமுறை வந்ததும் பிள்ளைகளோடு செனாவாங்குக்குக் குடிபோனார், ஃபேக்டரி வேலை. வீட்டுச் சாவியை ஆபீஸில் கொடுத்தபோது நான் உள்ளறையில் இருந்தேன். வெளியே வரவில்லை.

4. தம்பின் பாசார்

நான் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, தம்பின் பாசாரில் மீன் வாங்கும்போது மேரியைப் பார்த்தேன். நானாகவே சரசுவைப் பற்றிக் கேட்டேன். கறுப்பு பெல்ட் வாங்கிவிட்டாராம். செனாவாங்கில் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி ஒன்றின் மண்டபத்தில், ஷிப்ட் முடிந்து வரும் பெண்களுக்கு வகுப்பு நடத்துகிறாராம்.

"அவங்க வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கணும். விலாசம் தருவீங்களா?" என்றேன்.

மேரி மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பிரட்டுல நிக்க வச்சிட்டு, வீட்டுல வந்து காதுக்குள்ள கேப்பீங்களா? வகுப்புக்குப் போங்க. எல்லாரும் இருப்பாங்க."

வீட்டுக்கு வந்து பல நாள் யோசித்தேன். அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்கத்தான் யோசித்தேன். கிடைக்கவில்லை.

5. செனாவாங் மண்டபம்

நான் போனபோது வகுப்பு பாதியில் இருந்தது. சரசுவுக்குத் தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி வகுப்பை நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அத்தனை பெண்கள் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். தடத்தைப் பார்த்ததையும், கடிகாரத்தைப் பார்த்ததையும், வீட்டைச் சொல்லி மிரட்டியதையும், கொட்டகையைப் பூட்டியதையும் சொன்னேன். ஒரு பெண், "சத்தமா, அங்கிள். பின்னால கேக்கல," என்றாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"முடிஞ்சிதா, கிராணி?" என்றார் சரசு.

"முடிஞ்சிது."

"கேட்டுக்கிட்டேன். பரவால்லன்னு சொல்ல மாட்டேன். ஏன்னா பரவால்ல இல்ல." பிறகு கையை நீட்டினார். "புடிங்க."

எனக்குப் புரியவில்லை. "மணிக்கட்டைப் புடிங்க. இன்னிக்குப் பாடம் அதுதான்," என்றார். மெதுவாகப் பிடித்தேன்.

"இப்படியா புடிச்சான்? தடத்த நீங்கதானே பாத்தீங்க. அந்த அளவுக்குப் புடிங்க."

இறுக்கினேன். போதாது என்று தலையை ஆட்டினார். எனக்கு இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இறுக்கினேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அப்படி ஒரு தடம் விழ வேண்டுமென்றால் எவ்வளவு வேண்டுமென்றே பிடித்திருக்க வேண்டும் என்று. 'சும்மா கை பட்டுருச்சி ஐயா' என்று கதிரேசன் சொன்னதை நான் எப்படி வாங்கிக்கொண்டேன்?

"எல்லாரும் கட்டைவெரலப் பாருங்க. பிடியில தொறக்கிற எடம் அதுதான்," என்று வகுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே சரசு கையைத் திருப்பி உருவினார். நான் தடுமாறினேன். அவருடைய மற்றக் கை என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தது.

"அடுத்த சனிக்கிழமையும் வாங்க. இவங்க ஒருத்தர ஒருத்தர் புடிச்சிப் பழகுனா கூச்சத்துல லேசாப் புடிக்கிறாங்க. ஒரு ஆம்பளக் கை வேணும்."

அதிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் உட்காரப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான்: ஒருவர் கையை நீட்டிக் காட்டினால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். வேலை சற்று நேரம் தடைபட்டால் தோட்டம் கவிழ்ந்துவிடாது.

போன வாரம் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். ஃபேக்டரிச் சட்டையோடு நேராக வந்திருந்தாள். நான் பிடித்தேன். பலமுறை முயன்றும் அவளுக்குக் கையை உருவ வரவில்லை. கண் கலங்கிவிட்டது. பிறகு ஒருமுறை கட்டைவிரல் பக்கம் திருப்பினாள், கை வந்துவிட்டது. நான் ஓரடி பின்னால் போனேன்.

"ஐயோ, சாரி அங்கிள்! மன்னிச்சிக்குங்க!" என்றாள்.

அந்தக் கோடியிலிருந்து சரசுவின் குரல் வந்தது. பிரட்டுக் களத்தில் கேட்ட அதே குரல்.

"கைய உருவிக்கிட்டதுக்கு இங்க யாரும் மன்னிப்புக் கேக்கக் கூடாது. மறுபடி செய்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நேராக நின்று கையை நீட்டினாள். நான் இறுக்கிப் பிடித்தேன்.