கடிக்காத பட்டி

போன வாரம் நெய்யாற்றின்கரையில் ஒரு பியூட்டி பார்லருக்குப் புருவம் திருத்தப் போயிருந்தேன். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்தப் பெண் என் முகத்தின் மேல் குனிந்தபோது, பவுடர் வாசனைக்கு நடுவே புது நூலின் வாசனை வந்தது. புது நூலுக்கென்று ஒரு வாசனை உண்டு. கஞ்சி போட்ட துணியை மண்ணெண்ணெய் டப்பா பக்கத்தில் வைத்த மாதிரி. என் அம்மா நூலைப் பல்லால் கடித்துத்தான் அறுப்பாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் இதே வாசனைதான்.

அந்தப் பெண் இடுப்பில் கறுப்பு ரெக்சின் பை ஒன்றை பெல்ட்டோடு கட்டியிருந்தாள். அதில் சீப்பு, கத்தரி, பிரஷ் எல்லாம் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. இதற்கு என்ன பேர் என்று கேட்டேன். பௌச் என்றாள். நாங்கள் இதற்கு வேறு பேர் சொல்வோம் என்றேன். என்ன பேர் என்றாள். சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பல்லிலிருந்த நூல் நழுவிவிட்டது. இப்போது நீங்கள் என்னைப் பார்க்க நேர்ந்தால் இடது புருவத்தை மட்டும் கவனிக்க வேண்டாம்.

அந்தப் பேரைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ரயிலைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரின் பேர் கொல்லயில், பாறசாலையை ஒட்டியது. அப்பா ஆரியங்கோட்டுப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போவார்; கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்கு அதுவும் வராது. ஆகவே நான் பத்தாம் வகுப்பு ஜெயித்ததே வீட்டில் பெரிய விஷயம். அதற்கு மேல் பிரீ டிகிரியும் ஜெயித்துவிட்டு, பி.ஏ. படிக்கத் திருவனந்தபுரம் போகிறேன் என்று நின்றபோது, சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் தையல் கிளாஸ் என்றார்கள். அவர்கள் சொன்னதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. அம்மா பாறசாலை ஜங்ஷனில் இருந்த ஒரு தையல்கடையிலிருந்து ஜாக்கெட்டுகளைக் கட்டாக வாங்கி வந்து கைவேலை முடித்துக் கொடுப்பாள். மெஷினில் அடித்து வந்த ஜாக்கெட்டுக்கு ஓரம் மடித்து ஹெம்மிங், கொக்கி, காஜா. வீடு அதில்தான் ஓடியது. மழைக்காலத்தில் ரப்பர் வெட்டு நின்றுவிட்டால் முழுக்க அதில்தான்.

அம்மா யோசித்தாள். பிறகு ஒரே பேச்சாகச் சொன்னாள்.

"நீ போ மக்கா. ஆனா துணி நிண்ணா வீடும் நிக்கும். பாதி நீ முடிச்சுத் தரணும், கேட்டியா."

ஒத்துக்கொண்டேன். எப்போது முடிப்பது என்று யோசிக்கவில்லை. படித்தவர்களுக்கு அப்படி ஒரு துணிச்சல் உண்டு. காலையில் இருட்டோடு கிளம்பினால் திரும்பும்போதும் இருட்டு. வீட்டில் இருந்த ஒரே பல்பு சாயங்காலமானால் மஞ்சள் பூசிக்கொண்டு சும்மா இருக்கும். அந்த வெளிச்சத்தில் கறுப்பு ஜாக்கெட்டுக்குக் கறுப்பு நூலால் தைக்க யாராலும் முடியாது. மிச்சமிருந்தது ரயில் நேரம்.

நாகர்கோவிலிலிருந்து வரும் பாசஞ்சர் அது. பாறசாலைக்கு வரும்போதே லேடீஸ் பெட்டி நிறைந்திருக்கும். குழித்துறையில் ஏறுகிறவர்கள் தங்கள் கூட்டாளிகளுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பார்கள். எனக்குத் துண்டு போட ஆள் இல்லை. தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம் என்று திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷன் வரைக்கும் நின்றுகொண்டே போவேன். கதவுக்கு எதிரே சுவரில் முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் அகட்டி ஊன்றிக்கொண்டால் இரண்டு கையும் காலியாகும். அந்த இரண்டு கையில்தான் என் பி.ஏ. இருந்தது.

கை காலியானது சரி, சாமான்களை எங்கே வைப்பது? கல்யாணம் ஆனவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஊசி, ஊக்கு எல்லாம் தாலிச் சங்கிலியில் தொங்கும், இல்லாவிட்டால் வளையலில். நான் சுடிதார்க்காரி. சுடிதாருக்கு அப்போது பை வைத்துத் தைக்கிற வழக்கமும் கிடையாது. ஊசியை ஷாலில் குத்தினேன். கத்தரியைக் கக்கத்தில் இடுக்கினேன். நூல்கட்டையை வாயில் வைத்துக்கொண்ட நாளும் உண்டு. அப்போது யாராவது டிக்கெட் எடுத்தாயா என்று கேட்டால் தலையைத்தான் ஆட்ட முடியும்.

இப்படியே ஒன்றிரண்டு மாதம் போனது. பிறகு ஒருநாள் பாலராமபுரத்தில் ஸ்டெல்லா அக்கா இறங்கினார்.

ஸ்டெல்லா அக்கா கடற்கரைப் பக்கத்துக்காரர். பாலராமபுரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் வேலை. தினமும் வெள்ளைச் சேலை. அன்று நான் ஒரு மஞ்சள் ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்தேன். ரயில் நின்ற ஆட்டத்தில் ஊசி அவருடைய சேலைக் கொசுவத்தில் ஏறிவிட்டது போலிருக்கிறது. எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. அவர் இறங்கி நடக்கிறார். என் கையில் இருந்த ஜாக்கெட் தானாகக் கதவை நோக்கிப் போகிறது. வெளியே பார்த்தால் வெள்ளைச் சேலைக்குப் பின்னால் மஞ்சள் நூல், பட்டம் விட்ட மாதிரி நீண்டுகொண்டிருந்தது. நூல் அறுந்தது. பெட்டியே சிரித்தது. படியில் கால் தூக்கியபோது ஊசி அவர் தொடையில் இறங்கியதை மறுநாள்தான் சொன்னார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பெட்டிக்கு நீதிபதி என்று ஒருவர் உண்டென்றால் அது விலாசினி சேச்சி. பாறசாலைக்காரர், தலைநகரில் சர்க்கார் ஆபீஸில் வேலை, ஜன்னலோரத் துண்டு என்றைக்கும் அவருக்குத்தான். மலையாளமும் தமிழும் கலந்து, எல்லாரிடமும் ஃபைலில் கையெழுத்துப் போடுகிற தோரணையில் பேசுவார். ஸ்டெல்லா அக்கா காகிதத்தில் குத்திக் கொண்டுவந்திருந்த என் ஊசியை வாங்கிப் பார்த்தார். குழந்தையை வைத்துக்கொண்டு எத்தனை பேர் ஏறுகிறார்கள் தெரியுமா என்று கேட்டார். பிறகு ஊசியை என்னிடம் தந்தார்.

"நாளை முதல் இந்தப் பெட்டியில ஊசி வேண்டா, மோளே. கண்ணு போயால் போயில்லே."

அவர் சொன்னது நியாயம். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்றிலிருந்து ஜாக்கெட் கட்டு வீட்டிலேயே இருந்தது. அம்மா ஒற்றையாகத் தைத்தாள். கடைக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டார். வேறொரு வீட்டில் கொடுத்துவிடப் போவதாக அந்த ஆள் சொன்னதை அம்மா என்னிடம் சொல்லும்போது கோபப்படக்கூட இல்லை. "இந்த ஆழ்ச்ச வரை பாப்பேன் மக்கா. பொறவு நீ வீட்டுல இருந்து தையி" என்றாள். அவ்வளவுதான். என் படிப்பு அந்த வாரத்தின் மிச்சத்துக்கு, சனியும் ஞாயிறுமாகச் சுருங்கி நின்றது.

அந்த இரண்டு நாளில்தான் அதைச் செய்தேன்.

முதலில் கழுத்தில் தொங்கவிடலாம் என்று தோன்றியது. நாடா கோத்து நூல்கட்டை, கத்தரி, ஊசிக்கு ஒரு துணி. ஓடும் ரயிலுக்குப் பதிலாக நானே ஆடிப் பார்க்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் பயணிக்குப் பதிலாக அம்மாவை முக்காலியில் உட்காரவைத்தேன். ஒரு ஆட்டத்தில் கத்தரி அம்மாவின் நெற்றியைத் தட்டியது. அடுத்து மணிக்கட்டில் கட்டினேன். கை தூக்கிக் கம்பியைப் பிடித்தால் ஊசிகள் எல்லாம் பக்கத்தில் நிற்பவளின் காதுக்கு நேரே வந்தன. மூன்றாவதாக இடுப்பில், வலதுபக்கம். அம்மா முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கண்ணுல குத்தினா பொறவு உனக்க படிப்ப நான் எந்தக் கண்ணால பாக்க?"

அப்போதுதான் பிடிபட்டது. நிற்பவளின் இடுப்பும் உட்கார்ந்திருப்பவளின் கண்ணும் ஒரே உயரம். பக்கவாட்டில் எதுவும் கூடாது. எல்லாமே முன்னால், வயிற்றின் மேல், எனக்கும் என் கையிலிருக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். குத்தினால் என்னைத்தான் குத்த வேண்டும்.

பெல்ட்டுக்குத் தடித்த துணி தேடினேன். வீட்டில் அப்படி ஒன்றுதான் இருந்தது: என் பள்ளிக்கூடப் பை. காக்கி கான்வாஸ். எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் பள்ளிக்கூடப் பை அதுதான். அடி கிழிந்த பிறகும் அம்மா அதை ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். வெட்டட்டுமா என்று கேட்டேன். மாட்டியிருந்த இடத்திலிருந்து அவளே எடுத்துத் தந்தாள். தோள்வார் இடுப்புவாரானது, பக்கிளும் அதோடு வந்தது. அப்பாவின் தேய்ந்த செருப்புத் தோலில் கத்தரிக்கு உறை. நுனி கீழே பார்த்து இறங்கும், அடியில் ஓட்டை கிடையாது. ஊசிக்குக் கம்பளித் துணியில் புத்தகம் மாதிரி இரண்டு இதழ், மேலே மூடி, மூடிக்குப் பிரஸ் பட்டன். நூல்கட்டைக்கு ஒரு பை, நூல் வெளியே வர ஒரு காஜா. அந்த காஜாவை நான் நன்றாக எடுத்திருந்தேன் என்று இப்போதும் சொல்வேன். கடைசியாகக் கத்தரியின் காதில் ஒரு கயிறு. கை நீட்டினால் ஜாக்கெட் வரை எட்டும். நழுவினால் என் முட்டிக்கு மேலேயே நின்றுவிடும், யார் மடியிலும் விழாது. அந்த நீளம் வரும்வரை கயிற்றை அவிழ்ப்பதும் முடிவதுமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனது.

அம்மாவை மறுபடி முக்காலியில் வைத்து, முடிந்த மட்டும் ஆடினேன். அவள் முகத்தை நகர்த்தவில்லை.

திங்கட்கிழமை அதைக் கட்டிக்கொண்டு ஏறினேன். நேரே விலாசினி சேச்சியின் முன்னால் போய் நின்றேன். அனுமதி வாங்காமல் ஊசியை எடுக்கப்போவதில்லை. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் வயிற்றைப் பார்த்தார்.

"இதெந்தா மோளே?"

"பட்டி" என்றேன்.

தையல்காரர்களுக்குத் துணியில் நீளமாக வருவதெல்லாம் பட்டி. கொக்கிப் பட்டி, கழுத்துப் பட்டி, இடுப்புப் பட்டி. எங்கள் வீட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை புழங்கும் சொல். மலையாளத்தில் பட்டி என்றால் நாய் என்பது எனக்குத் தெரியாததில்லை. பிறந்ததிலிருந்து இரண்டு பாஷையும் பேசுகிறவள்தான். ஆனால் பயத்தில் வாய்க்கு வந்தது வீட்டுச் சொல்.

"பட்டியோ?" என்றார் சேச்சி.

"ஆமா, இடுப்புப் பட்டி."

பின்னாலிருந்து ஸ்டெல்லா அக்கா கேட்டார்: "கடிக்குமா பிள்ளே? எனக்கு ஒருக்கா கடிபட்டதாக்கும்."

பெட்டி முழுக்கச் சிரிப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சேச்சி மட்டும் சிரிக்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார். கத்தரியை உருவிக் கீழே விட்டார். அது முட்டிக்கு மேலே நின்று ஆடியது. உட்கார்ந்தபடியே தன் முகத்தை என் இடுப்புக்கு நேரே கொண்டுவந்து வலதும் இடதும் திருப்பிப் பார்த்தார். பிறகு பெட்டிக்குச் சொன்னார்.

"கெட்டியிட்டுண்டல்லோ. இனி கடிக்கூல."

கட்டிப்போட்ட பட்டி கடிக்காது; அதுதான் உத்தரவு. ரயில் நிற்கும்போதெல்லாம் ஊசி மூடிக்குள் போக வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டார். தனுவச்சபுரம் வந்தபோது யாரோ, "பிள்ளே, பட்டியக் கூட்டுல அடை" என்றார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யாராவது அதைச் சொன்னார்கள். வண்டி நகர்ந்தால், பட்டியை அவிழ்த்துவிடு. நான் வராத நாள் பட்டிக்குக் காய்ச்சலா என்று மறுநாள் கேட்டார்கள். என் பெயர் பலருக்குத் தெரியாது. பட்டிக்காரப் பிள்ளை என்றால் தெரியும். படிக்கப் போகிற பெண்ணுக்கு இப்படி ஒரு பட்டமா என்று முதலில் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஜாக்கெட் கட்டு குறைந்து, கடைக்காரர் ஆள் அனுப்புவதை நிறுத்தியதும் சரியாகிவிட்டது.

கடைசி வருடப் பரீட்சை வந்தது. அந்த மாதம் கல்யாண மாதம். ஜாக்கெட் கட்டு இரட்டையாக வந்தது. ஜாக்கெட்டைக் கையிலும் நோட்டை எதிர்ச் சுவரில் நிற்கும் பெண்ணின் கையிலுமாக வைத்துப் படித்துப் பார்த்தேன். அவள் இறங்கினால் பக்கமும் இறங்கிவிடும். ஒருநாள் அமரவிளை தாண்டியதும் சேச்சி எழுந்தார். ஜன்னலோர இடத்தை விட்டு அவர் எழுந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பட்டிய இங்கோட்டு தா" என்றார். "நீ இருந்து படி."

கட்டினார். வாரின் கடைசி ஓட்டையில்தான் பக்கிள் ஏறியது. சுவரில் சாய்ந்து, காலை அகட்டி, நான் நிற்கிற மாதிரியே நின்று ஹெம்மிங் போடத் தொடங்கினார். பரீட்சை முடியும்வரை காலையில் அப்படித்தான் நடந்தது. ஸ்டெல்லா அக்கா கொக்கியை எடுத்துக்கொண்டார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்றில் புரளும் பக்கங்களைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு படித்தேன்.

முதல் நாள் ஜாக்கெட்டை அம்மா வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு தையலும் பெரிசு பெரிசாகச் சோளப் பல் மாதிரி இருந்தது.

"இது யாருக்க கையி?"

"ஒரு சர்க்கார் ஆபீசருக்கது."

"அதுதான்" என்றாள் அம்மா. "பிரிச்சுத் தா."

பிரித்துக் கொடுத்தேன், அவள் திரும்பப் போட்டாள். மறுநாளும் அப்படியே. சேச்சியிடம் இதைச் சொல்லக்கூடாது என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டாள்.

இப்போது எனக்கு நெய்யாற்றின்கரையிலேயே வேலை. பஸ்ஸில் போய் வருகிறேன், அந்த ரயிலில் ஏறுவதில்லை. தையல்கடை இருந்த இடத்தில் மொபைலுக்கு ரீசார்ஜ் செய்கிறார்கள். அம்மா ஊசியை விட்டுவிட்டாள்; கண் போதவில்லை. ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது. சேச்சி எப்போதோ ஓய்வு பெற்றிருப்பார். ஸ்டெல்லா அக்கா மஸ்கட் போனதாகக் கேள்வி.

பட்டி என்னிடம் இல்லை. கடைசிப் பரீட்சை அன்றுதான் அந்த ரயிலில் நான் கடைசியாகப் போனது. தம்பானூரில் கூட்டத்தோடு இறங்கி, படித்ததை மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். நிமிர்ந்து பார்த்தபோது சேச்சி பிளாட்பாரத்தில் ஆபீஸை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். அவிழ்க்க மறந்துவிட்டார். முந்தானைக்குக் கீழே கயிற்றில் கத்தரி ஆடிக்கொண்டே போனது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் அத்தனை பேர் நடுவில், பெரிய உத்தியோகத்தில் இருப்பவரைப் பார்த்து, "சேச்சி, பட்டி!" என்று கத்த வேண்டும்.

கத்தவில்லை.