செபம் சொல்லுகிறவளை மறிக்காதே

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். இப்போது மூத்தவன் சேவியரோடு கிளாஸ்கோவில் இருக்கிறேன். இங்கே ரொட்டிக்கடையில் தினமும் ஒரு வேடிக்கை. சேவியர் இங்கிலீஷில் கேட்பான், கடைக்காரி விழிப்பாள். அவன் இன்னும் நிறுத்தி, அழுத்திச் சொல்லுவான். என் பேத்தி ரீனா இந்த ஊர்க்காரர்களைப் போல வாயை உருட்டி ஒன்று சொன்னதும் ரொட்டி வந்துவிடும்.

அவனுக்கு அது பொறுக்காது. தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் இருந்தபோது ரேடியோவைக் கேட்டுக் கேட்டு இங்கிலீஷைத் திருத்திக்கொண்டவன். "நீ பேசுதது தெரு இங்கிலீஷ்ளா" என்று மகளைக் கடிவான்.

நாளை ஞாயிறு. கோயில் பூசையில் ரீனாவை பைபிள் வாசகம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார் சாமியார். சேவியர் திருத்திய திருத்தலில், "நான் வாசிக்கல ஆச்சி" என்கிறாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மீன்பிடி ஊரான ஆலந்தலையிலிருந்து தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் சாயங்காலம் என்னைச் செபமாலையை முன்னால் சொல்லச் சொன்னார்கள். "மைனி செபம் சொல்லுதாவளா, வலை இழுக்காவளா?" என்று என் பேச்சைக் கேட்டு நாத்தனார் சிரித்தாள். மாமியார் அவளைத் திரும்பிப் பார்க்காமல், பதிலுக்குச் சொல்லும் மறுசெபத்தை ஓங்கித் தொடங்கினார். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். முடிந்த பிறகுதான், "முன்னால சொல்லுதவள மறிக்கக் கூடாது. அவ எப்படிச் சொன்னாலும் நாம பதில் சொல்லணும்" என்றார். அதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

நேற்று செபமாலையில் ரீனா இங்கிலீஷில் முன்செபம் சொன்னாள். "ஏளா, உருட்டாத! திரும்பச் சொல்லு" என்று சேவியர் பாதியில் மறித்தான். நான் தமிழில் மறுசெபத்தை ஓங்கிச் சொன்னேன். ரீனா அடுத்ததைச் சொன்னாள், உருட்டித்தான். பிறகு அவனும் பதிலில் சேர்ந்தான், குரல்தான் எழும்பவில்லை.

முடிந்ததும் கேட்டான்: "எம்மா, இங்க ஆபீஸ்ல என் பேச்சக் கேட்டுச் சிரிக்காங்க. இவளயும் ஒருநாள் சிரிச்சா, அங்க வந்து நீங்களா பதில் சொல்லுவீய?"

இந்த ஊரில் என் பேச்சு 'தேங்க்யூ'வோடு முடிந்துவிடும்.

ரீனா வாசிக்கட்டும் என்று இதையெல்லாம் பெரிய எழுத்தாக எழுதி முடிப்பதற்குள் கை கடுக்கிறது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துக்கூட்டப் படித்த ரீனாவைக் கூப்பிடுகிறேன். அடுத்த அறையில் சேவியர் இருக்கிறான். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். என் ஆலந்தலைப் பேச்சு கிளாஸ்கோ நாக்கில் எப்படிக் கேட்குமோ.

"இங்கன வா மக்கா. இத வாசிச்சுக் காட்டு. ஒனக்கு வாரபடி வாசி. ஒருத்தரும் மறிக்க மாட்டாவ."