பீற்றூட் போட்ட புத்தோ

குசினிக்குள் பீற்றூட் வாசமும் அரிசிமா அவியும் வாசமும் கலந்து நின்றன. வெளியே மெல்பேர்னின் டிசம்பர் வெயில். எழுபதுகளின் நடுப்பகுதியில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கிளேட்டனில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

அம்மாவோடு பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை செய்த ரோசா அன்ரி பிலிப்பைன்ஸ்காரி. கணவனை இழந்தவர். நான்கு வயது மகள் மரிசெல்லைத் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்து, மூன்று ஆண்டுகள் விசாவுக்கு அலைந்து, அந்த நத்தாருக்குத்தான் அவளைக் கூப்பிட முடிந்தது. மகளுக்குக் கொடுக்கவென்று "புத்தோ" அவிக்க ஆசைப்பட்டார். அவர்கள் ஊரில் நத்தாருக்கு முந்திய ஒன்பது நாட்களும், விடியற்காலைப் பூசை முடிந்து வருகிறவர்கள் தேவாலய வாசலில் அதைச் சுடச்சுட வாங்கித் தின்பார்களாம். ஒட்டரிசியோடு கறுப்பரிசியும் ஊறவைத்து அரைத்து, நீரை வடியவிட்டு, மூங்கில் குழாயில் அவித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவ வேண்டும்.

"இது எங்கட பிட்டுத்தானே, பேரும் அதுதான்" என்றார் அம்மா. சொல் எங்களிடமிருந்து கப்பலேறிப் போனதென்பது அவர் முடிவு. இல்லை, தங்கள் ஆட்கள்தான் வந்து சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்பது அன்ரியின் முடிவு.

மூங்கிலுக்குப் பதிலாக, அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த பனையோலை "நீத்துப்பெட்டி" இருந்தது. ஊதா நிறம் தரும் கறுப்பரிசிதான் எங்கும் கிடைக்கவில்லை. "பீற்றூட் சாறு விடுவம். பிள்ளைக்குத் தெரியவா போகுது" என்றார் அம்மா.

பிள்ளைக்குத் தெரிந்தது. விமான நிலையத்திலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்த மரிசெல், தட்டிலிருந்த இளஞ்சிவப்புத் துண்டை விரலால் தொட்டுப் பார்த்து ஏதோ சொன்னாள். அன்ரி குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். "இது புத்தோ இல்லை, தீத்தா" என்றாளாம். தீத்தா என்றால் சின்னம்மா. வளர்த்த பெரியம்மாதான் அவளுக்கு அம்மாவாகியிருந்தார்.

சாறு கலக்காத மா கொஞ்சம் மிச்சமிருந்தது. அம்மா பானையை மறுபடி அடுப்பில் ஏற்றிவிட்டு என்னிடம் சொன்னார்: "அவளைக் கூட்டிக்கொண்டு வா. எப்பிடிச் செய்யிறதெண்டு அவளே சொல்லட்டும்."

மரிசெல் கதிரையில் ஏறி நின்றாள். சூடு ஆறுமுன் மாஜரின் பூச வேண்டும், சர்க்கரை இன்னும் வேண்டும் என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். அவள் சொன்னபடியெல்லாம் அன்ரி செய்தார். அவள் இரண்டு துண்டு தின்றாள். அன்றும் அவளுக்கு அவர் தீத்தாதான்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள், குளியலறையிலிருந்து துவாய் கேட்டபோதுதான் "நானாய்", அம்மா, என்று கூப்பிட்டாளாம். மறுநாள் வேலையில் அன்ரி அதைச் சொல்ல, இருவரும் கைவேலையை மறந்து நின்று மேற்பார்வையாளரிடம் பேச்சு வாங்கினார்கள்.

அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அம்மாவும் இல்லை, அன்ரியும் இல்லை. போன நத்தாருக்கு வந்திருந்த மரிசெல், தான் விமானத்தால் இறங்கியதுமே ஓடிப்போய்த் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்ரி அப்படித்தான் சொல்லி அவளை வளர்த்திருந்தார். அந்த மத்தியானத்தை அறிந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். நான் திருத்தவில்லை.