தேரன்று பிரித்த சுவிட்சுப் பெட்டி

சக்கரபாணி வீட்டுக்குள் எலக்ட்ரீஷியன் என்று ஒருவர் கால் வைத்ததே இல்லை. திருவண்ணாமலையில் பாத்திரக் கடை ஒன்றில் விற்பனையாளர். குக்கர் கைப்பிடி முதல் தண்ணீர் மோட்டார் வரை எல்லாம் தானே பார்த்துக்கொள்வார். மாட வீதியில் அவர் குடியிருக்கும் பழைய வீட்டின் ஒயரிங் முழுக்க அவர் கைவண்ணம்தான். வேலையில் குறை சொல்ல முடியாது. வேலை செய்கிற விதத்தைத்தான் பார்க்க முடியாது. டெஸ்டர் சட்டைப் பையில் அழகுக்கு இருக்கும். ஒயரின் மேல்தோலைப் பல்லால் கடித்து உரிப்பார்.

பெரிய ரிப்பேர்களைக் கார்த்திகைத் தேர் வரைக்கும் ஒத்திப்போடுவது அவர் வழக்கம். தேர் வருகிறபோது வீதியில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். ஊரே வடம் பிடிக்க ஓடும். இவர் ஸ்டூல் போட்டு ஏறிவிடுவார். தெருவுக்கே கரண்ட் இல்லாதபோது மெயினை எதற்கு இறக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர்.

போன கார்த்திகையில் கூடத்துச் சுவிட்சுப் பெட்டியைப் பிரித்தார். பெரிய தேர் வீதியைக் கடந்துவிட்டது. அடுத்து, பெண்களே இழுக்கும் அம்மன் தேர். அவர் மனைவி ரேணுகாம்பாள் அதற்குத்தான் போயிருந்தாள். அம்மன் தேரும் போன பிறகுதான் கரண்ட் வரும் என்று நிம்மதியாக ஒயரை இழுத்துப் பல்லில் வைத்தார்.

எதிர்வீட்டுச் சீரியல் பல்புகள் குபீரென்று எரிந்தன. கோயில் பக்கமிருந்து மைக் செட் அலறியது. இரண்டு தேருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் கரண்டை விட்டுவிட்டார்கள்.

பல்லில் ஒயரோடு சக்கரபாணி அப்படியே நின்றார். ஒன்றும் ஆகவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. “ஊருக்கெல்லாம் வந்துச்சு, நம்ம வீட்டுக்கு மட்டும் இன்னா கேடு?” என்று முணுமுணுத்தபடி மீட்டர் பெட்டியைப் போய்த் திறந்தார். ஃபியூஸ் கட்டை இருக்கவேண்டிய இடம் பல் விழுந்த வாய் மாதிரி காலியாக இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நாக்கில் இன்னும் செம்புக் கம்பியின் ருசி இருந்தது.

வடம் இழுத்துச் சிவந்த கைகளோடு ரேணுகாம்பாள் திரும்பி வந்தபோதும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். குங்குமப் பொட்டலம் ஒன்று, வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை ஒன்று.

“கரண்ட் நின்னதும் உருவிட்டேங்க. மெயினை இறக்கிட்டுப் போனா நீங்க மறுபடி ஏத்திடுவீங்க. அதான் கையோட எடுத்துக்கினு போனேன்.”

“ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா ரேணு?”

“சொன்னா கேக்கற ஆளா நீங்க? கிரைண்டரைத் தொட்டா ஷாக் அடிக்குதுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? செருப்பு போட்டுக்கினு அரைன்னீங்க.”

சக்கரபாணி அவள் முந்தானையைப் பார்த்தார். அம்மன் தேரின் வடத்தை இழுத்தபோது இவள் இடுப்பில் செருகியிருந்தது தன் உயிர் என்று நினைக்க நினைக்கக் கண் நிறைந்தது. கட்டிய நாளிலிருந்து அவளுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னவரில்லை. இப்போது சொல்லிப் பார்த்தார். பாதியிலேயே அவள் குறுக்கிட்டாள்.

“சரி சரி, இந்தாங்க, மாட்டுங்க. வீடு இருட்டா கெடக்குது.” அவள் கட்டையை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. அவள் விரல்களை அதன்மேல் மூடி, தன் கையால் பிடித்துக்கொண்டார்.

“நீயே வெச்சிரு. பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் இனியனுக்குப் போன் போடறேன். அவன் வந்து மொதல்ல அந்த கிரைண்டரைப் பாக்கட்டும்.”