வாசல் மாறியது மேஸ்திரிக்குத் தெரியாது

ராஜபாளையத்தில் எங்கள் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்துக்கு, கட்டட வேலைகளைக் கவனிக்க ஒரு சாஃப்ட்வேர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. முதலில் வந்த ஒன்றின் டெமோவில் மயங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வன்னியம்பட்டியில் கட்டும் வீட்டைச் சோதனைக்காக அதில் ஏற்றினேன். பிறகு வாசலை வடக்கிலிருந்து கிழக்குக்கு மாற்றிய வரைபடத்தையும் ஏற்றினேன். மாற்றம் தானாகவே மேஸ்திரியின் போனுக்குப் போய்விடும் என்று நம்பி, அவருக்குப் போன் செய்யவில்லை.

நிலை வைக்கும் நாளன்று போனால், கதவு நிலை வடக்கே நிற்கிறது!

"மேஸ்திரி, வாசல் கிழக்கேல்ல?"

"போன்ல வடக்கேதான மேடம் இருக்கு? பொறவு எதுவும் வரலையே. இங்கன நெட்டே கிடைக்காது."

நல்லவேளை, சுவர் எழும்பவில்லை. வீட்டுக்காரர்கள் பூவோடு வருவதற்குள் நிலையைக் கிழக்கே தூக்கி வைத்துவிட்டோம். நல்ல நேரமும் தப்பவில்லை.

அதன்பின் டெமோ காட்ட வந்தவர்களை நேரே வன்னியம்பட்டிக்கே கூட்டிப்போனேன். நெட் இல்லாமல் மூன்று பேர் முழித்தார்கள். நான்காமவருடையது, வரைபடம் மாறியதும் மேஸ்திரிக்கு எஸ்எம்எஸ் அனுப்பியது. அதையே வாங்கினோம்.

இருந்தாலும், வாசல் விஷயம் என்றால் நானே ஒரு போன் போட்டுவிடுகிறேன்.